பல்லைக் காட்டியவன்

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கொளகொளவென்று வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த சுந்தரம்மாளின் கை அப்படியே நின்றுபோனது.

கொப்பளித்துத் துப்பினான். மறுபடியும் கொப்பளித்தான். அப்புறம் கடுக்கென்று ஏதோ கடிபடும் ஓசை. கிராம்பு. வாசனை சுவரைத் தாண்டி அடுப்புப் புகையோடு கலந்து வந்தது.

புருஷன் சின்னதம்பி ஆலங்காயம் சந்தைக்குக் கிளம்புகிற நாளில் இந்தச் சத்தம் தவறுவதில்லை. கொல்லையில் உழப் போகும்போது கொப்பளிப்பதில்லை, மாடு ஓட்டும்போது கிராம்பு கடிப்பதில்லை. மலையை விட்டு இறங்கும்போது மட்டும் வாய் மணக்க வேண்டியிருக்கிறது.

"புளி விக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா மாமா?" என்று கேட்டாள்.

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவன், முகத்தை அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டே, "களி வாணாம்மே. அங்க போய் ரெண்டு இட்லி துன்னுக்கிறேன்" என்றான்.

"ஆமா, என் களி தொண்டையில நிக்கும். அவ இட்லின்னா வழுக்கிக்கினு எறங்கும்."

"யாரு இட்லி?"

"யாரு இட்லின்னு உனக்குத் தெரியாது, பாவம்."

அவன் புளி மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, பஸ் நிற்கும் வளைவுக்கு இறங்கிப் போனான். அவள் துடுப்பைப் பிடுங்கிப் பானை விளிம்பில் ஓங்கித் தட்டினாள். அடி வாங்கியது பானை. வலித்தது அவளுக்கு.

ஜவ்வாது மலையில் நெல்லிமரக்கொல்லை என்ற சிற்றூரில் பிறந்தவள் சுந்தரம்மாள். வீட்டில் ஐந்தும் பெண். குளிர்காலத்தில் ஐந்து பேருக்கும் ஒரே கம்பளி. இழுத்தவளுக்குப் போர்வை, விட்டவளுக்குக் குளிர். தூக்கத்தில்கூட கம்பளியின் முனையைக் கை விட்டுக் கொடுக்காமல் பிடித்துப் பழகியவள் அவள். 'இது என்னுது' என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு முதன்முதலாகக் கிடைத்தது மாமன் மகன் சின்னதம்பிதான். அவனையும் கம்பளியைப் போலத்தான் பிடித்தாள்.

ஊரில் அவள் பொறாமை ஒரு பேச்சாகவே இருந்தது. அவன் செவலைப் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, அதை அவள் விற்கவைத்தாள். பஞ்சாயத்து ரேடியோவில் ஒரு பெண் செய்தி வாசிப்பாள். சின்னதம்பி குந்தியபடி கேட்பான்.

"அவ சொல்றது உனக்குப் புரியுதா?" என்றாள் ஒரு நாள்.

"புரியல. குரல் நல்லா கீது."

அதற்கப்புறம் செய்தி நேரத்துக்கெல்லாம் அவனுக்கு விறகு பிளக்கும் வேலை இருந்தது. ஊர் சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுடைய சொத்து. தேங்காய்ப் பத்தையை வரிசையாக அடுக்கியது போல வெள்ளை வெளேரென்ற பல். கல்யாணத்துக்கு முந்தி, புளியமரத்து உச்சியில் இருந்து கிளையை உலுக்கிக்கொண்டே அவன் கீழே பார்த்துச் சிரித்தபோது, பழத்தைப் பொறுக்க வந்தவள் பொறுக்காமல் நின்றாள். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்து, தலையில் நரை விழுந்த பிறகும், அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு உள்ளே ஒரு கிளை குலுங்கும்.

அந்தச் சிரிப்பு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எண்பத்தொன்றாம் வருஷம் சாமை அறுப்புக்கு அப்புறம் அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. பேசினால் கையை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டான். படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவள் கோழியடித்துக் குழம்பு வைத்தால் சாற்றை மட்டும் குடித்துவிட்டுக் கறியை நாய்க்குப் போட்டான். மடியில் எப்போதும் கிராம்புப் பொட்டலம், கன்னத்தில் எப்போதும் புகையிலை.

இதற்கெல்லாம் பொருள் என்ன? பொறாமைக்காரிக்கு உலகத்தில் எதற்கும் ஒரே பொருள்தான்.

அதற்குப் பெயரும் ஊரும் கொண்டுவந்து கொடுத்தவள் அவளுடைய ஓரகத்தி மங்கம்மாள், சின்னதம்பியின் அண்ணன் கோபால்சாமியின் மனைவி. ஆலங்காயம் போய்த் திரும்பியவள், வழியிலேயே சுந்தரம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்த மேட்டாண்ட இட்லிக் கட வெச்சிக்கிறாளே ஒருத்தி, உனக்குத் தெரியுமா? புருசன் செத்தவ. வடிவுன்னு பேரு."

"பேரே வடிவா?"

"ஆளும் அப்படித்தான் கீறா. நான் சொல்றேன்னு வருத்தப்படாத. உன் வூட்டுக்காரன் அவளாண்ட நின்னுக்கினு பல்லக் காட்டிக்கினு கீறான். நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். மூஞ்சிக்கு நேரா மூஞ்சி. ஈன்னு பல்லக் காட்றான்."

என்னிடம் காட்டாத பல்லை அவளிடம் காட்டுகிறானா?

"அவ இன்னா பண்ணா?"

"அவளா? அவளும் குனிஞ்சி பாத்துக்கினுதான் இருந்தா."

மங்கம்மாளின் குரலில் கொஞ்சம் இனிப்பு இருந்தது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கல்யாணமான புதிதில் சுந்தரம்மாள் கோபால்சாமியைப் பற்றி ஒரு வார்த்தை விட்டிருந்தாள். கோபால்சாமிக்கு இளவயதிலேயே பல் கெட்டு வாய் நாறும். "இந்த நாத்தம் புடிச்ச வாயோட எவ படுப்பா? நானா இருந்தா பாயச் சுருட்டிக்கினு ஆத்தா வூட்டுக்குப் போய்டுவேன்" என்று சொல்லி, முகத்தைச் சுளித்து நடித்துக் காட்டி, பெண்களையெல்லாம் சிரிக்கவைத்தாள். அந்த வார்த்தை மங்கம்மாளின் நெஞ்சில் முள்ளாக இருந்தது. இன்னொருவர் நெஞ்சிலும் அது இருந்தது என்று சுந்தரம்மாளுக்கு அப்போது தெரியாது.

மாசி பிறந்தபோது சின்னதம்பி படுத்தான்.

முதலில் வயிறு உப்பியது. அப்புறம் பசியே நின்றது. சாயங்காலமானால் பல் கிடுகிடுக்க நடுக்கம், நடுக்கம் விட்டால் கொதிக்கிற காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே கை வைத்தால் துள்ளினான். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு உருகியது. கண்ணின் வெள்ளை லேசாக மஞ்சள் பூத்தது. மஞ்சள் காமாலை என்று கோபால்சாமி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தான். காய்ச்சல் நிற்கவில்லை.

"இது நோவு இல்ல" என்றாள் மங்கம்மாள். "மருந்து. சோத்துல வெச்சிட்டா. புருசன் இல்லாதவ, அடுத்தவ புருசன வளைச்சிப் போட இட்லியில மருந்து வெச்சிக்கிறா. வயித்துல அது ஒட்டிக்கினு கீது."

சுந்தரம்மாள் அதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்தாள். நோய் என்றால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. வைப்பு மருந்து என்றால் தெரியும். செய்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு முகம் இருக்கிறது, அந்த முகத்தைக் கிழிக்கலாம்.

மலையடியில் மருந்து எடுக்கிற ராஜாக்கண்ணு என்பவரின் வீட்டுக்குப் புருஷனைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் ஏதோ பச்சிலைச் சாற்றைப் புகட்டினார். சின்னதம்பி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான். ராஜாக்கண்ணு அவன் தொப்புளின் மேல் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, தன் வாயிலிருந்து எதையோ இலையில் துப்பினார். கறுப்பாக, மயிர்ச் சுருளோடு ஒட்டிப் பிசுபிசுவென்று ஒரு உருண்டை.

"பாத்துக்கோ. பொம்பள வெச்சதுதான். எடுத்தாச்சி. இனிமே துன்னுவான்."

அவன் தின்னவில்லை. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஆனால் சுந்தரம்மாளின் கையில் சாட்சி வந்துவிட்டது. அந்த உருண்டையை இலையோடு மடித்து எடுத்துக்கொண்டாள். ஒரு மாட்டு வண்டி பிடித்து, புருஷனை வைக்கோல் மேல் படுக்கவைத்து, ஆலங்காயம் சந்தை மேட்டுக்கு ஓட்டச் சொன்னாள்.

வடிவு இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். கறுப்புதான், ஆனால் களையான முகம், தூக்கிச் செருகிய சேலை, நெற்றி வெறுமையாக இருந்தது. கடையில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுந்தரம்மாள் நேராகப் போய் அந்த இலையை அவள் முன்னால் வீசினாள். உருண்டை சட்னிச் சட்டியின் ஓரத்தில் விழுந்தது.

"இன்னாது இது?" என்றாள் வடிவு.

"நீ வெச்சது. அடையாளம் தெரியல?"

"இன்னாடி வெச்சேன்?"

"மருந்து. என் வூட்டுக்காரருக்கு இட்லியில வெச்சியே, அது. ஊரே பாத்துச்சி. உங்கிட்ட பல்லக் காட்டிக்கினு நின்னதையும் பாத்துச்சி."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. வடிவு அந்த உருண்டையைப் பார்த்தாள், சுந்தரம்மாளைப் பார்த்தாள், அப்புறம் தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சுந்தரம்மாள் குறுக்கே விழுவதற்குள் வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்து ஏறிவிட்டாள்.

"அவர தொடாத."

"தொடல. நீ தொடு. இங்க வா." வடிவின் குரல் தாழ்ந்திருந்தது. "அவரு வாயத் தொற."

"எதுக்கு?"

"ஊரே பாத்துச்சின்னு சொன்னியே. பல்லக் காட்டுனாருதான், நான் இல்லன்னு சொல்லல. நீ பாத்தியா அந்தப் பல்ல?"

வடிவின் கண்ணில் இருந்தது சண்டைக்காரியின் கோபமாக இல்லை. பயமாக இருந்தது. அந்தப் பயம் சுந்தரம்மாளையும் தொற்றிக்கொண்டது. மயங்கிக் கிடந்தவனின் தாடையை மெல்ல அமுக்கித் திறந்தாள்.

அடித்த நாற்றத்தில் வண்டிக்காரன் நகர்ந்து நின்றான். கீழ்வரிசையில் வலது பக்கம் கடைவாய்ப் பற்கள் கறுத்துக் குழிந்து, வேர் மட்டும் நின்றன. ஈறு சிவந்து புடைத்து, அமுக்கின இடத்தில் மஞ்சளாகச் சீழ் கசிந்தது. இத்தனை நாள் அந்தச் சீழை அவன் புகையிலைச் சாற்றோடு விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"கடிச்சித் துன்ன முடியல, இட்லியத் தண்ணியில ஊற வெச்சிக் குடுன்னு கேட்டாரு" என்றாள் வடிவு. "இன்னாங்க ஆச்சின்னு கேட்டேன். காட்டுனாரு. புடுங்கிடுங்கன்னு சொன்னா, பயமா கீதுன்னாரு. கிராம்ப நான்தான் கடிக்கச் சொன்னேன். இது ஒண்ணுதான் நான் வெச்ச மருந்து."

சுந்தரம்மாளின் கையில் சீழ் பட்டிருந்தது. துடைக்கத் தோன்றாமல் நின்றாள்.

"கண்ணு மஞ்சளா கீது பாரு" என்றாள் வடிவு மறுபடி. "என் வூட்டுக்காரு குடிச்சி ஈரல் கெட்டுத்தான் போனாரு. எனக்கு இந்தக் கண்ணு தெரியும். மருந்து எடுக்கப் போன நேரத்துக்கு வேலூர் போய்ச் சேந்திருக்கலாம். வாணியம்பாடி பஸ் நிக்குது, அங்க எறங்கி மாறிக்கோ. ஏறு."

பஸ்ஸில் ஏற்றிவிட்டவள் வடிவு. ஜன்னல் வழியாகத் துணியில் சுற்றி ஒரு பொட்டலத்தையும் நீட்டினாள். இட்லி. சுந்தரம்மாள் வாங்கிக்கொண்டாள். வேலூர் போய்ச் சேரும்வரை அதை அவிழ்க்கவில்லை. பசியில் கண் இருட்டியபோதும் அவிழ்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தேவராஜ் என்ற டாக்டர் விலாவைத் தட்டிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, ஈரலில் கட்டி என்றார்.

"குடிப்பாரா?"

"திருவிழாவுக்குக் குடிப்பாருங்க."

"இதுவரைக்கும் என்ன மருந்தும்மா குடுத்தீங்க?"

மருந்து என்றதும் அவளுக்கு அந்தக் கறுப்பு உருண்டைதான் கண்ணில் வந்தது. "நான் வெக்கலீங்க. அவ வெச்சான்னு நெனச்சேன். அவளும் வெக்கலீங்களாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் ஒன்றும் புரியாமல் நர்ஸைப் பார்க்க, காட்பாடிப் பக்கத்து நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் காதில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

நீளமான ஊசி போட்டு ஈரலிலிருந்து சீழை உறிஞ்சி எடுத்தார்கள். கிண்ணம் நிறைய வந்தது. ஆலங்காயத்து வண்டியில் அடித்த அதே நாற்றம். பிழைப்பானா என்று கேட்டதற்கு, காய்ச்சல் இறங்கட்டும் என்று மட்டும் சொன்னார்கள். வராந்தாவின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சுந்தரம்மாள் அழுதாள். வேண்டுதலுக்கு நடுவிலும் அவளுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது: அவளிடம் சொன்னான், என்னிடம் சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"அந்தச் சீழை லேப்ல வெச்சுக் கிருமியை வளர்த்துப் பார்த்தோம்மா. அதுல இருந்தது வாய்ல வாழற கிருமி. ஈரல்ல அதுக்கென்ன வேலை? பல்லுல இருந்து போயிருக்கு."

"பல்லு இங்க கீது, ஈரல் அங்க கீது. எப்படிங்க போகும்?"

"எல்லார் வாயிலயும் கிருமி உண்டு. எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. வாய் சுத்தமா இருக்கிற வரைக்கும் அது பாட்டுக்குக் கிடக்கும். பல்லு சொத்தையாகி ஈறுல சீழ் வெச்சா பெருகிடும். புண்ணு வழியா ரத்தத்துல ஏறும். எச்சிலோட விழுங்கறதும் இருக்கு. அது பெரும்பாலும் வயித்துலயே செத்துடும், தப்பிக்கிறது குடலுக்குப் போகும். குடல்ல இருந்து கிளம்பற ரத்தம் முதல்ல ஈரலுக்குத்தான் வரும்." அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க மலையில இருந்து புளி இறக்கறப்போ வழியில பாரஸ்ட் செக்போஸ்ட் இருக்குமே?"

"இருக்குங்க. மூட்டையக் குத்திப் பாத்துதான் வுடுவாங்க."

"ஈரல் அதுதான். வர்ற லோடையெல்லாம் நிறுத்திப் பார்க்கும், கெட்டதை மடக்கி வெச்சுக்கும். ஒரு வருஷமா விடாம கெட்ட லோடே வந்தா, செக்போஸ்ட்டே என்ன ஆகும்? எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. இவருக்கு எந்த வழியா போச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா புறப்பட்ட இடம் அந்தப் பல்லு. அதைப் புடுங்கியாகணும். புகையிலையை விட்டாகணும்."

பல்லைப் பிடுங்கினார்கள். அன்றைக்குச் சாயங்காலம், வாயில் பஞ்சோடு படுத்திருந்தவனின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டுவிட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல மாமா?"

அவன் முகட்டைப் பார்த்தான். பஞ்சுக்கு நடுவே சொற்கள் குழறி வந்தன. "நீதானம்மே சொன்ன. அண்ணன் வாயப் பத்தி. பாயச் சுருட்டிக்கினு போய்டுவேன்னு."

"அது எந்தக் காலத்துல? சிரிக்கச் சொன்னது."

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் பின்னாடி வெறகு கட்டிக்கினு இருந்தேன்."

சுந்தரம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வருஷக்கணக்காக அவன் எங்கே போய்விடுவானோ என்று அவள் முனையைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் எங்கே போய்விடுவாளோ என்று அவன் சீழை விழுங்கியிருக்கிறான். கண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டிருக்கும்போதே அவளால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவகிட்ட மட்டும் நாறலாமா?"

"அவ யாரு எனக்கு? அவகிட்ட நாறினா இன்னா, மணந்தா இன்னா?"

இதைவிடப் பெரிய நகையை அவன் அவளுக்கு வாங்கிக் கொடுத்ததில்லை. அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டுதான் அவள் மலை ஏறினாள்.

அதற்கப்புறம் நெல்லிமரக்கொல்லையில் புதிதாக ஒரு வேடிக்கை ஆரம்பமானது. காலையில் வேப்பங்குச்சியால் அவன் பல் துலக்கும்வரை அவள் எதிரே நிற்பாள். துலக்கி முடித்ததும் உப்புத் தண்ணீர். அப்புறம் "ஆ காட்டு" என்று தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பாள்.

"மாட்டுச் சந்தையில புடிச்சிப் பாக்குற மாதிரி கீது" என்று கோபால்சாமி கேலி செய்தான்.

"நீயும் வந்து காட்டு மாமா. உன் பொண்டாட்டி பாக்கலன்னா நான் பாக்குறேன்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அன்று ராத்திரி மங்கம்மாள் வீட்டிலும் உப்புத் தண்ணீர் காய்ந்தது என்று கேள்வி.

சின்னதம்பியின் விலா வலி போய், கொஞ்சம் கொஞ்சமாகப் பசி வந்தது. களியை மோரில் கரைத்துக் குடித்தான். ஒரு பக்கம் பொக்கையாக, கோணலாக, அவன் முதல் தடவை சிரித்தபோது அவள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் கோணல் சிரிப்பும் தனக்கே தனக்கு என்று நினைத்தாள்.

புளிக் காலம் ஓய்ந்த பிறகு ஒரு பகலில் வடிவு மலைக்கு வந்தாள்.

கையில் ஒரு பை சாத்துக்குடி. ஏறி வந்த களைப்பில் முகம் வேர்த்திருந்தது. வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த கோபால்சாமியிடம், "நல்லா கீறீங்களாண்ணே, சின்னதம்பி வூடு இதுங்களாண்ணே" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். சுந்தரம்மாள் பாய் விரித்தாள். தண்ணீர் கொடுத்தாள். விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் உட்காரும்போது, புருஷனுக்கும் வந்தவளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப எப்படிங்க கீது?" என்றாள் வடிவு.

"பரவால்லம்மா. உன் புண்ணியம்."

"என் புண்ணியம் இன்னா கீது? உங்க வூட்டுக்காரம்மா தூக்கிக்கினு ஓடுனாங்க. நெறைய எளச்சிட்டீங்க. காரம் வாணாங்க. பல்லு புடுங்குன எடம் ஆறிடுச்சிங்களா?"

வாங்க, போங்க, இருக்கீங்களா. எல்லாம் மரியாதையாகத்தான் வந்தது. கேட்டுக்கொண்டே இருந்த சுந்தரம்மாளுக்கு மட்டும் எங்கோ ஒரு கல் இடறியது. என்ன என்று முதலில் பிடிபடவில்லை. கோபால்சாமி எட்டிப் பார்த்து, "சந்த எப்படிம்மா போவுது?" என்றதற்கு, "சுமாருங்கண்ணே" என்றாள் வடிவு. தண்ணீர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கிழவர்கூட அவளுக்கு அண்ணன்தான். வாயைத் திறந்தால் அண்ணே. இட்லிக் கடை வைத்துப் பிழைக்கிற பொம்பளைக்கு அது வேலி. அந்த வேலி ஒரே ஒரு இடத்தில் மட்டும் போடாமல் விட்டிருந்தது.

சாத்துக்குடியை உரித்துச் சுளையைக் கொட்டை நீக்கிக் கிண்ணத்தில் போட்டாள் வடிவு. கிண்ணத்தைச் சுந்தரம்மாள் வாங்கித் தானே புருஷனுக்குக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வடிவு எழுந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். சுந்தரம்மாளும் வாசல் வரை போனாள். வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா. ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"ஊர்ல கீற ஆம்பளைங்க எல்லாருமே உனக்கு அண்ணன். எங்க வூட்டுக்காரர மட்டும் ஏன் அண்ணேன்னு கூப்புடல?"

வடிவு சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டாள். மலைச்சரிவைப் பார்த்தாள். வெயிலில் சாமைத் தாள் காய்ந்து கிடந்தது.

"வாய் வரல" என்றாள் கடைசியில். "அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அவருக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா கடைக்கே வந்திருக்க மாட்டாரு. இட்லிய ஊற வெச்சிக் குடுத்தேன், உக்காந்து துன்றதப் பாத்தேன். எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சி."

ஒரு வருஷமாகச் சுந்தரம்மாள் எரிந்தது வீண் இல்லை. நெருப்பு இருந்திருக்கிறது, வேறொரு அடுப்பில். அந்த அடுப்புக்காரி இல்லாவிட்டால் இன்றைக்கு உள்ளே பாயில் ஆள் இல்லை. காலில் விழுந்து கும்பிட வேண்டும் போலவும் இருந்தது, தலைமயிரைப் பிடித்து இழுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

"இப்பக் கூப்புட்டுட்டுப் போ" என்றாள்.

வடிவு அவளை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு பெரிய விலையைக் கேட்கிறாள் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. சுந்தரம்மாள் பார்வையை இறக்கவில்லை. கம்பளி முனையைப் பிடித்த அந்தச் சின்னப் பெண்ணின் பிடிதான் அவள் முகத்தில்.

வடிவு திரும்பி நடந்து, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். கை நிலைக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வர்றேண்ணே" என்றாள். "ஒடம்பப் பாத்துக்கோங்கண்ணே."

"சரிம்மா, பத்திரமா போய்ட்டு வா" என்று உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. எந்த மாற்றமும் இல்லாத குரல். கிண்ணத்தில் சுளையைத் துழாவும் சத்தமும் சேர்ந்து கேட்டது.

வடிவு பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கோபால்சாமி ஏதோ கேட்டதற்கும் பதில் சொல்லாமல், வேகமாக, சரிவில் காலை ஊன்றி ஊன்றிப் போனாள். புதர் மறைவில் அவள் சேலை நிறம் தெரியாமல் போகும்வரை சுந்தரம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்றாள். பட்டப்பகலில் அந்த ஊரில் யாரும் கதவு சாத்துவதில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.